எண் பிடித்துக் கட்டைத் தேடுதல்

கிரிமினல் கோர்ட்டில் பழைய தாள் தேடி வருகிறவர்கள் ஆளைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். "எங்க அண்ணன் கேஸ் சார், கோயில் கொடையில அடிதடி நடந்துச்சுல்லா, அது." இந்தப் பக்கத்தில் கொடை நடக்காத ஊர் எது? கோர்ட்டுக்கு அண்ணனையும் தெரியாது, கொடையையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். அந்த எண்ணும் வழக்கு நகர நகர மாறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் எந்த எண் எதுவாக மாறியது என்று பின்தொடரத் தெரிந்தவருக்குக் கட்டு கிடைக்கும். தெரியாதவர் ஜன்னல் ஜன்னலாக நின்றுவிட்டு, "அப்படி ஒரு கேஸே இல்லைங்கிறாங்க" என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. வாய்தா குறிப்பது, மனு தாக்கல் செய்வது, பேட்டா கட்டுவது என்று வேலை பல. அவற்றில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது நகல் வாங்குவது. ஒருவரை விடுதலை செய்து எழுதிய தீர்ப்பு எங்கோ ஒரு பீரோவில் கட்டோடு கிடக்கும்; அந்த மனிதர் வேலை கிடைக்காமலும் பாஸ்போர்ட் வராமலும் வெளியே அலைந்துகொண்டிருப்பார். அந்தத் தாளை எடுத்து அவர் கையில் கொடுப்பதைவிடப் பெரிய வேலை எதுவும் எங்கள் மேஜையில் இல்லை என்று நம்புகிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் எண் காவல் நிலையத்தில் பிறக்கிறது. குற்ற எண் 145/2019 என்றால், அந்த நிலையத்தில் அந்த ஆண்டு பதிவான 145-வது வழக்கு. ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே நிலையத்தின் பெயரும் ஆண்டும் இல்லாத குற்ற எண்ணால் பயனில்லை. முதல் தகவல் அறிக்கை அன்றே நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். நடுவர் அதில் கையெழுத்துப் போட்டு, வந்து சேர்ந்த நேரத்தையும் தேதியையும் எழுதுவார். நகல் வாங்கும்போது அந்தக் கையெழுத்தும் நேரமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கை தாமதமாக வந்தது என்று வாதாட வேண்டிய வழக்கில் அந்த ஒரு மூலைக்குத்தான் மதிப்பு.

விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை வந்ததும் எண் மாறுகிறது. நடுவரே விசாரிக்கும் வழக்கென்றால் சி.சி. எண். சின்ன வழக்கென்றால் எஸ்.டி.சி. கொலை, கொலை முயற்சி போல செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டியது என்றால் முதலில் பி.ஆர்.சி. எண். நடுவர் அதைக் கமிட்டல் செய்து அனுப்பிய பிறகு செஷன்ஸில் எஸ்.சி. எண் விழும். அதற்கு மேல் அப்பீல் போனால் அதற்கு ஒரு எண், உயர் நீதிமன்றம் போனால் இன்னொன்று. பி.ஆர்.சி. எண்ணை வைத்துக்கொண்டு செஷன்ஸ் கோர்ட்டில் நிற்பவரையும், எஸ்.சி. எண்ணைச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பவரையும் அடிக்கடி பார்க்கலாம். இரண்டு பேர் கையில் இருப்பதும் சரியான எண்தான், நிற்கும் வாசல்தான் வேறு.

இந்த எண்களை ஒன்றோடொன்று கோக்கிற ஆள் கோர்ட் டியூட்டி பார்க்கும் ஏட்டையா. நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவே நடக்கிறவர் அவர். அவர் கையில் இருக்கும் நோட்டில் ஒரு வரியில் குற்ற எண் இருக்கும், எதிரே சி.சி. எண், அதற்கடுத்து வாய்தா, முடிந்திருந்தால் முடிவு. காலையில் கோர்ட் கூடுமுன் அவர் சம்மன்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மரியாதையாகக் கேட்டால், அரை நாள் பதிவேடு புரட்டுகிற வேலை ஒரு நிமிஷத்தில் முடியும். நிலையம் மாறி ஏட்டையாக்கள் போய்விடுவார்கள், நோட்டு அடுத்தவரிடம் வந்துவிடும்.

இப்போது செல்போனிலேயே நிறையத் தேடலாம். ஈகோர்ட்ஸ் சேவையில் வழக்கு எண், தரப்பினர் பெயர், வக்கீல் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் என்று பல வழிகளில் தேட முடியும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு நீதிமன்ற எண், வழக்கு வரிசை, கடைசி நான்கு ஆண்டு. அது கிடைத்துவிட்டால் அந்த நீதிமன்றத்து வழக்கு நிலை முழுவதும் ஒரே திரையில் வரும்.

பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் மட்டும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் வழக்கில் ஒரு பக்கம் நிற்பது அரசு. 'காவல் ஆய்வாளர், இன்ன காவல் நிலையம்' என்றுதான் பதிவாகியிருக்கும். அடிபட்டவர், புகார் கொடுத்தவர், பணத்தைப் பறிகொடுத்தவர் எல்லாம் அந்த வழக்கில் சாட்சிகள். அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு எத்தனை முறை தேடினாலும் வழக்கு வராது. எதிரியின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். இரண்டாவது, பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருப்பார்கள். சுப்பிரமணியனையும் சுடலையையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள். முழுப் பெயரைப் போடாமல், எப்படி எழுதினாலும் மாறாத முதல் மூன்று நான்கு எழுத்தைப் போட்டுப் பாருங்கள். முடிந்தவரை பெயர் வழியை விட்டு எஃப்.ஐ.ஆர். எண் வழியில் போங்கள். காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால் எழுத்துப் பிரச்சினையே இல்லை.

எஃப்.ஐ.ஆர். எண்ணும் தெரியாதென்றால்? 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு அதை 72 மணி நேரம் வரை நீட்டிக் கொடுத்தது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. அதன் பிறகான வழக்குகளைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தேடிப் பார்க்கலாம். குற்றப்பத்திரிகையையும் அதுபோல் ஏற்ற வேண்டும் என்று கேட்ட வழக்கை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். கிடைத்த மாதிரி சார்ஜ் ஷீட்டும் போனில் கிடைக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், வழக்கு கோர்ட் நம்பருக்கே வராமல் முடிந்திருக்கலாம். பொய்ப் புகார், பொருண்மைப் பிழை, கண்டுபிடிக்க முடியாதது என்று போலீஸ் முடித்தவற்றுக்குப் புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் போயிருக்கும். அந்தத் தாள் நடுவர் நீதிமன்றத்தில் தனியாக இருக்கும், சி.சி. பதிவேட்டில் இருக்காது. உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்திருந்தால் அந்த உத்தரவை உயர் நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டும். '107 கேஸ்' என்று ஊரில் சொல்லும், அமைதி காப்பதற்கான பிணைய வழக்கு ஆர்.டி.ஓ. முன்னால் நடப்பது. அதைக் கோர்ட்டில் தேடி வருகிறவர்களுக்கு நான் வழி சொல்லி அனுப்புவது வாராந்தர வேலை.

இன்னொன்று, ஸ்ப்ளிட் அப். ஐந்து எதிரிகளில் ஒருவர் தலைமறைவானால் அவரைப் பிரித்து வேறு எண் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மேல் விசாரணையை முடித்துவிடுவார்கள். பிரிக்கப்பட்டவர் வழக்கு நீண்ட நாள் நிலுவை என்று எல்.பி.சி. பதிவேட்டுக்குப் போய்விடும். தம்பி விடுதலையான தீர்ப்பை வைத்துக்கொண்டு அண்ணன் நிம்மதியாக வெளிநாடு போய்விட்டு, விமான நிலையத்தில் வாரண்டைச் சந்திப்பது இப்படித்தான். ஒரே குற்ற எண்ணில் எத்தனை கோர்ட் எண்கள் பிறந்திருக்கின்றன என்று பார்க்காமல் தேடலை முடிக்கக் கூடாது.

எண் கையில் வந்தாயிற்று. யார் கேட்கலாம்? எதிரிக்கு இது உரிமை. வழக்கு தொடங்கும்போதே எஃப்.ஐ.ஆர்., சாட்சிகள் வாக்குமூலம் எல்லாம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 207-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 230. எதிரி ஆஜரான 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அந்தத் தாள்கள் உண்டு என்று சேர்த்திருக்கிறது. நான் மனதார வரவேற்கிற மாற்றம் இது. அடிபட்டவர் வீட்டார் தங்கள் வழக்கின் தாளைப் பார்க்க முடியாமல் நின்ற காலம் எனக்குத் தெரியும். சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். அது பழைய 363, புதிய 404. தீர்ப்பால் பாதிக்கப்படுகிற எவரும் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் என்றால், ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் இந்த இடத்தில் ஆர்.டி.ஐ. போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. நீதிமன்ற விதிகளில் வழியிருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும். போக்சோ, பாலியல் வழக்கு, சிறார் வழக்கு ஆகியவற்றின் தாள்களை மூன்றாம் ஆளுக்காக நான் தேடுவதில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, என் மனசாட்சியும் அதைத்தான் சொல்கிறது.

எதைக் கேட்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். ஒரு பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தேறி, போலீஸ் வெரிஃபிகேஷனில் நின்றுபோய் வந்தான். அவனுடைய அம்மாதான் பேசினார். "கொடையில நடந்த சண்டை அண்ணாச்சி. இவன் அங்க நிக்கவே இல்ல. கேஸும் அன்னைக்கே தள்ளிட்டுன்னு சொன்னாங்க. இப்ப வேலை இல்லங்கிறாங்களே." கையில் ஒரு காகிதம் கிடையாது. நிலையம் தெரியும், கொடை நடந்த மாதம் தெரியும். அந்த மாதத்து எஃப்.ஐ.ஆர்.களில் தேடி எண் பிடித்து, அதை ஈகோர்ட்ஸில் போட்டதும் சி.சி. எண் வந்தது. வழக்கமான பிரிவுகள்தான், 294(பி), 323, 506(2). பையன் ஐந்தாவது எதிரி. எல்லாரும் விடுதலை.

தீர்ப்பு நகல் மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தால் என் வேலை அங்கே முடிந்திருக்கும். ஆனால் காவலர் வேலைக்கு அது போதாது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி சிறப்பு விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானாலும் அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அதன் விளக்கம். தீர்ப்பு தமிழில் நான்கு பக்கம். அதில் அரசுத் தரப்புச் சாட்சிகளான அ.சா.1 முதல் அ.சா.4 வரை பிறழ் சாட்சியாகிவிட்டார்கள், ஆகவே குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே பத்தியில் எல்லா எதிரிகளையும் சேர்த்து எழுதியிருந்தது. இந்தத் தாளை மட்டும் நீட்டினால் அவனுக்கு அது பாதகம்.

அதனால் சாட்சியங்களுக்கும் மனு போட்டோம். அ.சா.1-இன் சாட்சியம், அ.சா.2-இன் சாட்சியம், கூடவே அ.சா.ஆ.1, அதாவது புகார். நகல் வந்ததும் வக்கீலய்யா மேஜையிலேயே பிரித்துப் படித்தோம். அடிபட்ட அ.சா.1 முதல் விசாரணையிலேயே, ஐந்தாவது எதிரியைச் சம்பவ இடத்தில் தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தார். புகாரிலும் அவன் பெயர் இல்லை. 'மற்றும் சிலர்' என்று மட்டும் இருந்தது. தீர்ப்பு விட்டுவிட்ட அந்த வரிகள் சாட்சியத்தில் நீதிபதியின் கையெழுத்தோடு இருந்தன. உயர் நீதிமன்ற ரிட் மனுவில் இணைப்பாகப் போனது அந்தச் சாட்சிய நகல்தான். அந்த அம்மா அதில் தன் மகன் பெயர் வரும் இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆகையால் யாராவது 'கேஸ் காப்பி வேண்டும்' என்று வந்தால், எதற்கு என்று முதலில் கேட்டுவிடுவேன். பாஸ்போர்ட்டுக்கு முடிந்த வழக்கென்றால் தீர்ப்பு போதும். நிலுவை வழக்கென்றால் நகல் எத்தனை வாங்கினாலும் ஆகாது, வெளிநாடு போக அனுமதிக்கும் கோர்ட் உத்தரவு வேண்டும். விபத்து நஷ்டஈட்டுக்கு எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று. அப்பீலுக்குத் தீர்ப்பு உடனே, மற்றவை பின்னால். தேவைக்கு மேல் கேட்டால் பக்கம் கூடும், பணம் கூடும், நாளும் கூடும்.

மனு எழுதும்போது நீதிமன்றம், வழக்கு எண், தரப்பினர், தீர்ப்பு நாள், வேண்டும் ஆவணம் என்று ஒவ்வொன்றும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். 'சாட்சியங்கள் அனைத்தும்' என்று எழுதாதீர்கள். அ.சா.3, முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், விசாரித்த நாள் இன்னது என்று எழுதுங்கள். நகல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கட்டைத் திறந்ததும் கை வைக்கிற மாதிரி மனு இருக்க வேண்டும். அவர் முன்னால் அன்றைக்கு எத்தனை கட்டு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இது புரியும். தெளிவான மனு முதலில் நகர்வதை நான் எல்லா கோர்ட்டிலும் பார்த்திருக்கிறேன். அதற்கு வேறு எந்த உபாயமும் தேவைப்பட்டதில்லை.

மனுவுக்கு எண் விழும். பக்கம் எண்ணி, எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இதைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். நகலின் கடைசிப் பக்கத்தின் பின்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கட்டம் விழுகிறதே, அதைப் பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மனு தாக்கல் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று வரிசையாக இருக்கும். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் கெடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, நகல் பெறத் தேவைப்பட்ட நாள்களை இந்தக் கெடுவில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் முத்திரைத்தாள் கேட்ட பிறகு நாம் கொடுக்காமல் கடத்திய நாள்கள் நம் தலையில்தான் விழும். நகல் தயாரான பின் வாங்காமல் விட்ட நாள்களும் அப்படியே. சிறையில் இருக்கிற ஒருவருடைய அப்பீல் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் ஐந்து தேதிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குமாஸ்தா வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

புதுத் தீர்ப்புகளை முடிந்தவரை ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 392-வது பிரிவு சொல்கிறது. படித்துப் பார்க்க நல்ல வசதி. ஆனால் இறக்கி அச்செடுத்த தாள் சான்றிட்ட நகல் ஆகாது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளைக் கேட்கும் இடத்தில் அது செல்லாது.

பழைய வழக்கென்றால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். எந்த ரெக்கார்டு ரூம் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். தூத்துக்குடி 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. தென்காசி 2019-இல் பிரிந்தது. மாவட்டம் பிரிந்த அன்றே கட்டுகளும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. சம்பவம் நடந்த ஊர் அந்தத் தேதியில் எந்தக் கோர்ட் எல்லையில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பீல் போன வழக்கென்றால், கீழ்க் கோர்ட்டிலிருந்து கட்டை மேலே தருவித்திருப்பார்கள். மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலை 24. அதற்கு முன்னால் முடிந்த தென் மாவட்ட அப்பீல் என்றால் சென்னையில் கேட்க வேண்டும். கிளையின் எண்களில் 'எம்.டி.' என்ற குறி இருக்கும், அதை விட்டுவிட்டுத் தேடினால் வேறொருவருடைய வழக்கு வந்து நிற்கும்.

விதிப்படி காலம் முடிந்த தாள்களை அழிப்பதும் உண்டு. தீர்ப்பை மற்ற தாள்களைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள். கட்டு அழிந்துவிட்டது என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வழக்குப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே முடிவு எழுதியிருக்கும், அந்தப் பதிவின் நகலுக்கு மனு போடலாம். அழித்துவிட்டதாக மனுவில் எழுதித் தரும் குறிப்பையும் வாங்கி வையுங்கள், வெரிஃபிகேஷன் அதிகாரிக்குக் காட்ட அது உதவும்.

நகல் கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்னால் பாருங்கள். பக்கம் குறைகிறதா, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா, எதிரியின் பெயரும் தகப்பனார் பெயரும் மூலத்தில் உள்ளபடி இருக்கின்றனவா, ஒப்பிட்டவர் கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஆரம்பத்திலேயே இரண்டு படிக்கு மனு போடுங்கள். ஒன்றைக் கேட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடுவீர்கள், அது திரும்பி வராது. மற்றதை ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கிற பெட்டியில் வைத்து, மேலே குற்ற எண்ணையும் சி.சி. எண்ணையும் பேனாவால் எழுதிவிடுங்கள்.